நோபிட்டா ஊர்ப் பனி

தகாவோகா
ஜனவரி 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. குட்டிப்பயல் வரைந்த டோரேமானை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். போனே எடுப்பதில்லை என்று நீ திட்டியிருப்பது நியாயம்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து நான் வரும்போது அங்கே நீங்கள் நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள். சரி, அது சாக்குதான்.

"மாமா, நோபிட்டா ஊரில் பனி எவ்வளவு உயரம்?" என்று கேட்டிருக்கிறான். நோபிட்டா வீடு டோக்கியோவில். அங்கே இவ்வளவு பெய்யாது. ஆனால் அவனை வரைந்த புஜிகோ எஃப். புஜியோ இந்தத் தகாவோகாக்காரர். 1933இல் இங்கே பிறந்து, வளர்ந்து, அப்புறம்தான் டோக்கியோ போனார். அந்தக் கார்ட்டூனில் விழுகிற பனியெல்லாம் இந்த ஊர்ப் பனி என்று நானாக முடிவு செய்துவிட்டேன்.

நினைவிருக்கிறதா, கரண்ட் வந்ததும் டோரேமான் பார்க்கப் பெரியத்தை வீட்டுக்கு ஓடுவோமே? நோபிட்டா கோட்டாட்சு என்கிற சூடேற்றும் குட்டை மேசையின் போர்வைக்குள் கழுத்துவரை புகுந்துகொண்டு, பனியில் விளையாட வரமாட்டேன் என்பான். நமக்கு வேர்த்து ஊற்றும். அன்றைக்கு ஃப்ரீசரில் உறைந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி, எலுமிச்சை அளவுக்கு உருட்டி உன் முதுகில் போட்டேன். நீ அலறினாய். ஃப்ரீசரில் ஓட்டை விழுந்ததற்கு அடி வாங்கியது மட்டும் நான்.

நிஜப்பனி வேறு மாதிரி. நனைந்த மணல் கனம் கனக்கிறது. ரோட்டில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சி அதைக் கரைக்கிறார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் நம் ஷூவுக்குள்தான். நோபிட்டாவின் சாக்ஸ் நனைந்து நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். விடிவதற்கு முன்பே பெரிய முறம் போன்ற ஒன்றை இரண்டு கையாலும் தள்ளிப் பனி அள்ளுகிறாள். அதன் பெயர் மாமாசான் டம்ப். இங்கே மாமா என்றால் அம்மா. குட்டிப்பயலிடம் சொல், சிரிப்பான். என் வாசலையும் அள்ளிவிட்டு, இருட்டோடு வருகிற என்னையும் நாலு திட்டு திட்டுவாள். பாதி எனக்குப் புரியாது. பனிக்காலத்து இடி இடித்தால் கடலில் புரி மீன் வந்துவிட்டதாக அர்த்தமாம். போன வாரம் இடித்தது, மறுநாளே ஒரு துண்டு மீன் கொடுத்தாள். கொழுப்பு மினுமினுக்கிற மீன். நீ கட்டிக்கொடுத்த புளியில் கடைசி உருண்டையைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன், மூக்கைச் சிந்திக்கொண்டே குடித்தாள்.

அவள் வீட்டில் கோட்டாட்சு இருக்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை, இரண்டு கம்பளியே போதும். ஓவர்டைம் குறைந்ததும் ஒருவிதத்தில் நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓதோகி நோ மோரி பூங்காவுக்குப் போனேன். நோபிட்டாவும் கூட்டாளிகளும் விளையாடுகிற அந்தக் காலி மனையை, மூன்று சிமென்ட் குழாயோடு அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். குழாய்மேல் முழங்கை உயரம் பனி. யாருமில்லை. ஒரு உருண்டை பிடித்தேன், பெரிதாகவே. எறிய ஆளில்லாமல் கை விறைக்கும்வரை வைத்துக்கொண்டு நின்றேன்.

இங்கே டோரேமான் டிராம் ஒன்று ஓடுகிறது. நீல வண்டி, கதவு மட்டும், திறந்தால் நினைத்த இடத்துக்குப் போகலாமே, டோரேமானின் அந்த எனிவேர் டோர் மாதிரி ரோஸ். காலையில் அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு நொடி நம் வீட்டுத் திண்ணை தெரிகிறது. ஏறினால் கோஷினோகாடா வரைக்கும்தான் போகிறது.

பாப்பா காதுகுத்துக்கு மாசியில் நாள் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். மடியில் உட்கார வைக்க மாமன் நான் இருக்கும்போது சித்தப்பா மகனைக் கேட்காதே. சித்திரைக்குத் தள்ளிவைக்க முடியுமா, ஜோசியரைக் கேள். தோட்டுக்கு மட்டும் இப்போதைக்கு மச்சானைப் போடச் சொல். இந்த மாதம் பணம் வர நாளாகும், பாங்கில் ஏதோ பேப்பர் கேட்கிறார்கள். அம்மா கண் ஆபரேஷனை இதற்காக ஒத்திப்போட வேண்டாம். பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்கு மச்சான் தனியாகப் போகக் கூடாது, பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

இதை ஸ்டேஷனில் இருக்கிற வெண்கல டோரேமான் தபால்பெட்டியில் போடப்போகிறேன். தனி முத்திரை குத்துவார்களாம். உறையைக் கிழிக்காமல் குட்டிப்பயலிடம் கொடு.

உன் தம்பி