புகைபோக்கி உயர்ந்தால் போதுமா?

மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கல்பாசி எப்போதும் இருக்கும். கையில் எடுத்தால் காய்ந்த சருகு, சாம்பல் நிறச் சுருள். காய்ந்த எண்ணெயில் போட்டதும்தான் வாசம் கிளம்பும். மலைக்காட்டு மரப்பட்டையில் வளர்வது. வேர் கிடையாது, காற்றும் மழையும் கொண்டுவருவதைத் தின்றே பிழைக்கிறது. நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டைஆக்சைடு காற்றில் கூடினால், மரம் வாடுவதற்கு முன்பே கல்பாசி போன்ற லைக்கன் வகைகளில் பல காணாமல் போய்விடும்.

உங்கள் 2025 ஜூலை அறிவிக்கையைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. 2015 டிசம்பரில் நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கந்தக வரம்பு வைத்து, இரண்டே ஆண்டு கெடு கொடுத்தீர்கள். கெடு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் பெரும்பாலான நிலையங்களுக்கு வரம்பே இல்லை என்றாகிவிட்டது. புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் சரியாம்!

உயரம் பக்கத்து ஊரைக் காப்பாற்றும். கந்தகத்தை ஒரு கிராம்கூடக் குறைக்காது. பிரிட்டனும் ஜெர்மனியும் உயர உயரப் புகைபோக்கி கட்டின. அந்தப் புகை அமில மழையாக இறங்கி ஸ்வீடன், நார்வே ஏரிகளில் மீன் செத்தது. செக், போலந்து, கிழக்கு ஜெர்மனி எல்லைகள் கூடும் 'கருப்பு முக்கோண'த்தில், பழுப்பு நிலக்கரிப் புகையால் 1970, 80களில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் மலைச்சரிவு முழுக்க நின்றபடியே பட்டுப்போயின. புகை ஊசியிலையைச் சுட்டது. அமில மழை மண்ணிலிருந்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போனது. அதுவரை மண்ணோடு கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து சல்லிவேர்களைக் கருக்கியது. மேற்கு ஜெர்மனி 1983-ல் விதி போட்டு, சில ஆண்டுகளிலேயே பெரிய மின்நிலையங்களில் கந்தக நீக்கக் கருவிகளை மாட்டவைத்தது. (ஜெர்மனியில் காடே அழியும் என்று அன்று எச்சரித்தார்களே, அழியவில்லையே என்று கேலி பேசுகிறவர்கள் இந்த விதியை மட்டும் மறந்துவிடுவார்கள்.)

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பீர்கள். சரி, எரிக்கும் அளவு? கந்தக டைஆக்சைடு வெளியிடுவதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறோம்.

நம் காடுகளும் அப்படிச் சாகின்றன என்று நான் கூச்சல் போடவில்லை. விலக்கை முடிவுசெய்ய, 10 லட்சம் பேர் வாழும் நகரங்களிலிருந்து 10 கி.மீ. அளந்தீர்கள். காட்டிலிருந்து ஏன் அளக்கவில்லை?

மின்நிலையத்திலிருந்து காற்று போகும் திசையில் 50, 100 கி.மீ. தள்ளியிருக்கும் காப்புக்காடுகளில் மண்ணின் அமிலத்தன்மையையும் மரப்பட்டைக் கல்பாசியையும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள். அதுவரை அந்த விலக்கை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக்கடையில் கல்பாசி வாங்கும் ஒருத்தி