வயரிங் போனால் வண்டி போனதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றி இந்தப் பகுதியில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். வெள்ளத்தில் முங்கிய அம்பாசிடர், பத்மினி வண்டிகளை இனி ரோட்டில் விடக் கூடாது, வயரிங் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும், காயலான் கடைக்குப் போடுவதுதான் நல்லது என்று அதில் எழுதியிருந்தார்கள். தீப்பிடிக்கும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காக வண்டியையே உடைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளே ஓடும் வயர் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டுப் புதுசாக இழுக்கலாம். சரியாக இழுத்தால் கம்பெனியில் இருந்து வந்த நாளில் இருந்ததைவிடப் பாதுகாப்பாகவே இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறி வந்ததில் திருநெல்வேலி ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் என்ன ஆயின என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றினோம், சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டோம், புது பேட்டரி வைத்தோம், வண்டி ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். வயரின் கோளாறு அன்றைக்குத் தெரியாது, மெதுவாகத்தான் தலைகாட்டும். வயரின் முனையில் படும் தண்ணீரை, திரி எண்ணெயை இழுப்பது போல, உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் இழுத்துக்கொள்ளும். என் அம்பாசிடரில் பின்விளக்குக்குப் போகும் வயரைப் பிரித்துப் பார்த்தபோது மேலுறை பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது, உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துப்போய், விரலால் நிமிண்டினால் பொடியாக உதிர்ந்தது. காலால் மிதிக்கிற டிம்-பிரைட் ஸ்விட்ச் தரையில்தானே இருக்கிறது, அதைத் திறந்தால் உள்ளே ஆற்று வண்டல் காய்ந்து கட்டியாகக் கிடந்தது. இப்படிப்பட்ட வயரை அங்கங்கே வெட்டி ஒட்டுவதில் பிரயோஜனம் இல்லை, முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது என்றால் இப்போது எல்லாரும் ரெடிமேட் வயரிங் செட் வாங்கிவிடுகிறார்கள். டெல்லி காஷ்மீரி கேட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் கேட்டால் கிடைக்கும், பார்சலில் ஊருக்கே வந்துவிடும். நான் ரெடிமேட் செட்டுக்கு எதிரி இல்லை. சொல்லப்போனால் நல்ல செட்டாக இருந்தால் அதையே போடுங்கள் என்பேன். காரணம் வயரின் நிறம். பேட்டரியில் இருந்து நேராக வருவது பிரவுன், சாவி போட்டால் கரண்ட் வருவது வெள்ளை, அதில் இருந்து பியூஸ் வழியாகப் போவது பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் விளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்துக்குக் கறுப்பு என்று, அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்தில் இருந்து அந்த வகை வண்டிகளுக்கு ஒரு முறை இருக்கிறது. கையில் இருக்கிற ஒரே சுருள் சிவப்பு வயரை வைத்து வண்டி முழுக்க இழுத்துவிட்டால் இழுத்தவர் இருக்கும்வரை பரவாயில்லை, அப்புறம் ராத்திரி நேரத்தில் கயத்தாறிலோ வள்ளியூரிலோ வண்டி நின்றால் அங்கே உள்ள எலக்ட்ரீஷியன் எந்த வயர் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆனால் செட் வாங்குகிறவர்கள் விலையையும் நிறத்தையும் தாண்டி எதையும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அம்பாசமுத்திரம் பக்கம் கல்யாணத்துக்கு அம்பாசிடர் ஓட்டுகிற ஒரு நண்பர் வாங்கி வந்த செட்டைப் பிரித்துப் பார்த்தேன். நிறமெல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஹெட்லைட் வயரை பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். கனமும் இண்டிகேட்டருக்குப் போடும் மெல்லிய வயர் கனம்தான். செம்பு மாதிரியே அலுமினியம் கரண்டைக் கடத்தாது, சீக்கிரம் சூடாகும், முனையில் லக் என்ற உலோகக் காதை அடித்த இடத்தில் நாளாவட்டத்தில் தளர்ந்துபோகும். முழுச் செம்பா, எத்தனை சதுர மில்லிமீட்டர், மோட்டார் வண்டி வயருக்கான ஐ.எஸ். 2465 தரத்தில் உள்ளதா என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

கனம் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. 60/55 வாட் பல்பு (பிரைட்டில் 60, டிம்மில் 55) இரண்டும் பிரைட்டில் எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் நாலு மீட்டர் போனால் வழியிலேயே சுமார் 0.7 வோல்ட் காணாமல் போகும், 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3-க்குள் நிற்கும். இதற்கு மேல் பழைய ஸ்விட்ச், துருப்பிடித்த ஜாயிண்ட் எல்லாம் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். பாபநாசம் ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த முப்பது சதவீதம் என்னவென்று தெரியும். உடனே நம் ஆட்கள் செய்வது 100/90 பல்பு வாங்கி மாட்டுவது. அதே மெல்லிய வயரில், அதே பழைய ஸ்விட்சில், இப்போது 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். தீ அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய மாடல் அம்பாசிடர்களில் வண்டி மொத்தத்துக்கும் இரண்டே இரண்டு கண்ணாடி பியூஸ், அதுவும் 35 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு பியூஸே கிடையாது. 1950-களின் டிசைன், அப்போது அது போதும் என்று நினைத்தார்கள். பழைய வரைபடத்தை அப்படியே நகலெடுத்த செட்டில் இந்தக் குறையும் சேர்ந்தே வரும். மெல்லிய வயரில் ஷார்ட் ஆனால் 35 ஆம்பியர் பியூஸ் போவதற்கு முன்னால் வயரே எரிந்துவிடலாம். ஆகவே செட் போடும்போதே பிளேடு பியூஸ் பெட்டி ஒன்றைச் சேர்த்து, ஹார்னுக்கு, இண்டிகேட்டருக்கு, வைப்பருக்கு என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டில் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று 10 ஆம்பியர் போட்டால் ஒன்று போனாலும் நடுரோட்டில் மொத்தமாக இருட்டாகாது. பேட்டரியில் இருந்து பியூஸ் பெட்டிக்கு வரும் மெயின் வயருக்கும் பேட்டரி பக்கத்திலேயே ஒரு பியூஸ் வேண்டும். ரிலே என்பது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்; டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்துவிட்டால் பழைய ஸ்விட்ச் வழியாகக் கால் ஆம்பியர்கூடப் போகாது, பல்புக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியில் இருந்து நேராகப் போகும். இரண்டு ரிலேயும் ஒரு பியூஸ் பெட்டியும் வண்டியின் அழகைக் கெடுத்துவிடாது, பானெட்டுக்கு உள்ளேதானே இருக்கப்போகிறது.

எர்த்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. புது வயரிங் போட்ட வண்டியில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? வயர் மேல் சந்தேகப்படாதீர்கள், விளக்கு எர்த் ஆகும் இடத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும், சுரண்டி விட்டு இறுக்கினால் சரியாகிவிடும். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் என்ஜினில் இருந்து பாடிக்குப் போகும் கனமான பட்டை எர்த்தைக் கட்டாயம் மாற்றுங்கள். அது அறுந்திருந்தால் செல்ப் அடிக்கும்போது அவ்வளவு கரண்ட்டும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் பழுத்துவிடும்.

வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். "எனக்கும் தெரியும் அண்ணாச்சி. ஆனா பார்ட்டி நாளைக்கே வண்டி வேணுங்காவ, நான் என்ன செய்ய? முறுக்கி டேப்பைச் சுத்தி விட்டுருதேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? பசை இளகி டேப் கழன்று வயர் வெளியே தெரியும். ஒவ்வொரு முனைக்கும் சரியான அளவு லக் வைத்து, அதை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் பிளேயரால் அடிக்க, என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் தகட்டை ஓட்டையிட்டு வயர் போகும் இடத்தில் தகட்டு விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க கிராமெட் என்ற ரப்பர் வளையம் தேடி மாட்ட, பழைய செட்டை உருவும்போதே ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டித் தரையில் விரித்து புது செட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட, இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கிற மனசு வண்டிக்காரர்களுக்கு வேண்டும். பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் வயரிங் கூலியில் பேரம் பேசுவதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

வேலை முடிந்ததும் எடுத்த எடுப்பில் பேட்டரியை மாட்டிவிட வேண்டாம். பேட்டரி முனைக்கும் வயருக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைக் கோத்து, எல்லா ஸ்விட்சையும் ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம், வயர் கருகும் முன்பே தெரிந்துவிடும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனி விதி கொண்டுவந்து, விஏ என்ற எழுத்தோடு விண்டேஜ் நம்பர் கொடுக்கிறது. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது என்கிறதே தவிர, கருகும் நிலையில் உள்ள வயரை மாற்றாதே என்று அந்த விதி சொல்லவில்லை. அரசே காப்பாற்றச் சொல்லும் வண்டிகளை நாம் எடைக்குப் போட வேண்டுமா?

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு பேருக்கு என் வேண்டுகோள். வயரிங் செட் விற்கிற கடைக்காரர்கள் பார்சல் மேலேயே செம்பா அலுமினியமா, எந்த வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று எழுதி ஒட்ட வேண்டும். பேட்டை அரசு ஐடிஐ போன்ற இடங்களில் பாடம் நடத்துகிறவர்கள், வருடத்தில் ஒரு முறையாவது பழைய வண்டி ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து முழு வயரிங்கையும் உருவி மாட்டவைக்க வேண்டும். அதற்கு வண்டி கிடைக்கவில்லை என்றால் என் அம்பாசிடரைக் கொண்டுவந்து விடுகிறேன், செட்டும் பியூஸ் பெட்டியும் ரிலேயும் நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர்