முன் பிறேக்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணி திறந்தாச்சு. வெயில் மண்டையைப் பிளக்குது.

முன் பிறேக்கைப் பிடிச்சு மோட்டச்சைக்கிளின்ர பின் சில்லைத் தூக்கிறாய் எண்டு தம்பியின்ர போனுக்கு நீ அனுப்பின வீடியோவை அம்மாதான் முதல் பாத்தவ. பின் சில்லு மேல எழும்பினதும் ‘ஐயோ முருகண்டியானே’ எண்டு கத்திப்போட்டுப் போனைக் கட்டிலில எறிஞ்சிட்டா. முருகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்திருக்கிறா. உன்ர பேரில அங்க எத்தினை தேங்காய் கடனில நிக்குது எண்டு பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். நான் அதை ஒரு பதினைஞ்சு தரமாவது பாத்திருப்பன்.

ஏசுறதுக்கு எழுதேல்ல. ஏசுறதெண்டால் போனிலயே ஏசியிருப்பன். போனில சொல்ல வாய் வராத ஒரு விசயம் கிடக்கு. அதுக்கு முதல் வண்டிக் கதையைக் கதைச்சு முடிக்கிறன்.

எல்லாரும் பின் சில்லைப் பாக்க, நான் முன் சில்லைத் தாங்கிற போர்க் குழாயைத்தான் பாத்தனான். முப்பது வரியமாய்க் கராஜ் வைச்சிருக்கிறவனுக்குக் கண் அங்கதான் போகும். நாலாவது செக்கனில அது ஒரே குத்தாய் இறங்குது. அதெண்டால் நீ நாலு விரலையும் போட்டு லெவரைப் பறிச்சிருக்கிறாய். பின் சில்லு எழும்பினது உன்ர கெட்டித்தனமில்லை பிள்ளை, ரயரின்ர புண்ணியம். 298 மில்லிமீற்றர் டிஸ்க் பூட்டின யமஹா ஆர் 3 இல அப்பிடிப் பறிக்கிறது விளையாட்டில்லை.

பிறேக் தொட்ட உடனயே பாரம் முன்னுக்கு வந்திடாது. போர்க் இறங்கவேணும், ரயர் நிலத்தில அழுந்தி அதின்ர அடி அகலிக்கவேணும், அதுக்குப் பிறகுதான் பிடிமானம். அதுக்கு முதல் பறிச்சால் சில்லு இறுகி வழுக்கும். பின் சில்லு வழுக்கினால் எப்பிடியும் சமாளிக்கலாம். முன் சில்லு வழுக்கினால் நீ நினைக்க முதல் நிலத்தில கிடப்பாய். அதால ரெண்டு விரல் காணும். முதல் மெல்லமாய்த் தொட்டு, போர்க் இறங்கிறது உள்ளங்கைக்குத் தெரிஞ்ச பிறகு கூட்டு. பால் கறக்கிற மாதிரித்தான். காம்பைப் பிடிச்சு இழுத்தால் மாடு உதைக்கும். விரல் விரலாய் இறுக்கிக்கொண்டு போகவேணும். அம்மம்மாவிட்ட இருந்து பழகினனீ, மறந்திருக்கமாட்டாய்.

ஏன் எழும்புது எண்டு விளங்கினால் பயமும் அளவாய் வரும். பிறேக் பிடிக்கிறது நிலத்தில. உன்ர பாரம் இருக்கிறது மேல, சீற்றில. கீழ நிக்கச்சொல்ல மேல உள்ளது ஓடப்பாக்குது. சைக்கிள் கரியரில நெல்லு மூட்டை கட்டினவன் முன் பிறேக்கைப் பிடிச்சால் பின்பக்கம் லேசில அசையாது. அதே மூட்டையை ஹாண்டிலில தூக்கி வைச்சுப் பிடிச்சுப் பார். உன்ர வண்டி ஆளைக் குனிய வைச்சு ஓட்டுற வண்டி, மூட்டை ஏற்கனவே பாதி முன்னுக்குத்தான் நிக்குது. நீயும் கையை ஊண்டிக்கொண்டு போய் ஹாண்டிலில விழுந்தால் மிச்சப் பாதியும் போயிடும். பாரத்தை முழங்காலால தாங்கு. பெற்றோல் ராங்கை ரெண்டு காலாலயும் இறுக்கிப் பிடி, முழங்கை கொஞ்சம் தளரட்டும். ஹாண்டில் நேராய் நிக்கவேணும், கை அதுக்கு மட்டும்தான். வீடியோவில உன்ர பின் சில்லு இடப்பக்கம் ஒதுங்கித்தான் விழுந்தது. நீ குனிஞ்சு முன் சில்லைப் பாத்ததால வந்த வினை அது. கண் தூரத்தில இருக்கட்டும், கிளச்சையும் முன்னமே பிடிச்சுக்கொள்.

எழுப்ப முதல் இறக்கப் பழகு. முன் சில்லைத் தூக்கி ஓடுற பெடியளுக்குப் பின் பிறேக்தான் உயிர், காலால தொட்டால் முன் சில்லு இறங்கிவிடும். உன்ர விளையாட்டில பின் பிறேக்கால ஒண்டும் ஆகாது, சில்லு அந்தரத்திலயெல்லோ நிக்குது. பிடிச்ச விரலை விடுறதுதான் ஒரே வழி. கூடப் போகுது எண்டு தெரிஞ்சால் பட்டெண்டு விடு, வண்டி குத்தி விழுந்தாலும் பறவாயில்லை. பயத்தில ஆக்களுக்குக் கை இறுகும். அதுதான் ஆளைத் தலைக்கு மேலால எறியிறது. 40 கிலோமீற்றர் வேகம் எண்டால் செக்கனுக்கு 11 மீற்றர் போறாய். யோசிச்சு முடிவெடுக்க நேரமில்லை, விரலுக்கே தெரிஞ்சிருக்கவேணும். சில்லு நிலத்தை விட்டு ஒரு விரற்கடை எழும்பினவுடன விட்டுவிட்டு ஒரு நூறு தரம் பழகு, உயரம் பிறகு பாக்கலாம்.

உனக்குச் சிரிப்பு வரும், நானும் செய்து பாத்தனான். போன கிழமை ஒரு பெடியன் பல்சருக்கு முன் பிறேக் பாட் மாத்த விட்டவன். மாத்திப்போட்டு, ‘ரெஸ்ற் பாத்திட்டு வாறன்’ எண்டு விடியக் காலமை வாய்க்கால் பக்கத் தார் றோட்டுக்குக் கொண்டுபோனன். அஞ்சாம் தரம் பிடிக்கேக்க பின் ரயரின்ர இரைச்சல் ஒருக்கால் நிண்டுது. வேற ஒண்டுமில்லை, கீழ இருந்து வந்துகொண்டிருந்த அந்த ‘ம்ம்ம்’ எண்ட சத்தம் அறுந்து, சங்கிலி மட்டும் கிலுங்கினது. பிறகு டொக் எண்டு சில்லு நிலத்தில இருந்துது. எவ்வளவு எழும்பினது எண்டு தெரியாது, ஒரு பழப்புளியங்கொட்டை அளவு இருக்கும். வாய்க்காலுக்க நிண்ட கொக்கு கூடத் திரும்பிப் பாக்கேல்ல. எனக்கு வீட்டை வந்து தேத்தண்ணி குடிக்கும் மட்டும் கை நடுங்கினது. 61 வயசில இது தேவையா எண்டு அம்மா கேட்டிருப்பா, நான் சொல்லேல்ல. நீயும் சொல்லாதை.

சில்லு இறுகாமல் பாக்கிற ஏபிஎஸ்ஸின்ர பியூசைக் கழட்டிப்போட்டுப் பழகிறாய் எண்டு தம்பி சொன்னவன். பின் சில்லு தூக்கினவுடன சில வண்டியளில ஏபிஎஸ் இடையில புகுந்து பிறேக்கை விடும் எண்டு எனக்கும் விளங்குது. கழட்டினது கழட்டினபடி கிடக்க மழைக்குள்ள வேலைக்குப் போகாதை. பழகி முடிஞ்சவுடன பூட்டிப்போட்டுத்தான் றோட்டுக்கு ஏறவேணும். றோட்டில சில்லைத் தூக்கவே வேண்டாம். உங்க கனடா ஒன்ராறியோவில பிடிச்சால் அந்த இடத்திலயே 30 நாளுக்கு லைசென்சும் 14 நாளுக்கு வண்டியும் போகுமாம். பனி முடிஞ்ச கையோட உங்க றோட்டில போட்ட மண்ணும் உப்பும் கிடக்குமெல்லோ, பழகிற இடத்தைத் தும்புத்தடியால கூட்டு. ரயர் குளிரோட இருக்கேக்க தொடாதை. ஒவ்வொரு மாசமும் முன் சில்லைத் தூக்கி வைச்சு, போர்க்கின்ர அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பார். டக் டக் எண்டால் ஹாண்டில் கழுத்துக்குள்ள இருக்கிற கோன்செற் போகுது. போர்க் குழாயில ஒயில் படிஞ்சிருந்தால் சீல் பழுதாய்ப் போட்டுது. ரெண்டும் இந்த விளையாட்டின்ர கூலி.

இனி அந்தக் கதை.

உனக்கு வண்டி பழக்கினது நான்தான். 2012, கிறவல் ஒழுங்கை, பழைய பஜாஜ் சிரி 100. ‘முன் பிறேக் தொடாதை, தொட்டால் தூக்கி எறியும்’ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்? இஞ்ச எல்லாருக்கும் அதுதான் பாடம். பொருளாதாரத் தடைக் காலத்தில நாங்கள் ஓடின ஹொண்டா எம்டி 90க்கு முன்னுக்கு றம் பிறேக். மண்ணெண்ணையில ஓட்டம், ஸ்ராட் பண்ண மட்டும் சூப்பிப் போத்தலில நாலு சொட்டுப் பெற்றோல். பிறேக் சூவுக்கு எங்க போறது? றோட்டெல்லாம் கிறவலும் கிடங்கும். காலால பின் பிறேக்கை உழக்கிப் பழகினவங்கள் நாங்கள், அந்தப் பயத்தை அப்பிடியே உனக்கும் தந்தன்.

சொன்னதோட நிண்டிருந்தால் பறவாயில்லை. நீ தொட்டிடுவாய் எண்ட பயத்தில ஒரு இரவு முன் பிறேக் கேபிள் நட்டை நான் தளத்திவிட்டனான். லெவர் ஹாண்டிலில முட்டும் மட்டும் பிடிச்சாலும் பிறேக் பிடியாது. உனக்குச் சொல்லேல்ல.

2014இல பரந்தன் தாண்டிக் கார்ப்பட் றோட்டில மாடு குறுக்க வந்து விழுந்தனீ. எல்லாரும் மாட்டைத்தான் ஏசினவை. நானும் சேந்து ஏசினனான். வண்டியைத் தூக்கி வர வந்தவன் நான்தானே, றோட்டைப் பாத்தனான். பின் ரயர் இறுகி இழுத்த கறுப்புக் கோடு, ஒரு உழவு மெசினும் பெட்டியும் நிக்கிற அளவு நீளம். முன் ரயரின்ர அடையாளம் ஒண்டும் இல்லை. முன் பிறேக் வேலை செய்திருந்தால் நீ மாட்டுக்கு முன்னமே நிண்டிருப்பாய். அண்டைக்கு ராத்திரி உன்ர முழங்காலுக்குத் தையல் போட்டுப் படுக்க வைச்சிட்டு, கராஜுக்குப் போய் அந்த நட்டைத் திருப்பி இறுக்கினனான். 11 வரியமாய் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, அம்மாவுக்கும்.

வீடியோவில நீ அந்த லெவரைப் பறிக்கிறதைப் பாக்கேக்க எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில நிண்டது. முன் பிறேக்கை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு நான் உனக்குப் பழக்கவே இல்லை. நீ யாரோ உங்கத்தைப் பெடியளிட்ட அரைகுறையாய்ப் பழகிறாய்.

அடுத்த முறை எடுக்கேக்க பின்னால நிண்டு எடுக்கச் சொல்லாதை. வலப்பக்கத்தால, உன்ர விரலும் போர்க்கும் வடிவாய்த் தெரியிற மாதிரி எடுக்கச் சொல்லு. தம்பியின்ர போனுக்கு வேண்டாம், என்ர நம்பருக்கு அனுப்பு.

அப்பா