தடுப்பூசி அட்டையில் அம்மாவுக்கும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வயது 33. 2019-ல் மகள் வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 168 காட்டியது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரையாம். அடுத்த மூன்று மாதம் நான் இருந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு பங்கு, சாப்பிட்டதும் மொட்டைமாடியில் அரைமணி நடை, இரண்டு வேளை இன்சுலின். வீட்டில் எல்லார் கண்ணும் என் தட்டில்தான்.

மகள் மூன்று கிலோவில் நல்லபடியாகப் பிறந்தாள். ஊசி நின்றது. "அது பாப்பாவோட வந்த சர்க்கரை, பாப்பாவோட போயிருச்சு" என்றார் அத்தை. எனக்கும் அதை நம்பத்தான் பிடித்திருந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் இருந்ததை நான்கு வருடம் கழித்துத்தான் படித்தேன்.

இப்படிச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அப்பாவுக்கு 55 வயதில் வந்தது, நமக்கும் அப்போது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். காப்பீட்டுப் படிவத்தில் 'சர்க்கரை நோய் இருந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்தேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை.

இனிப்பு பிரசவ லேகியத்தில் தொடங்கியது, பால் சுரக்க கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்ட கஞ்சியில் தொடர்ந்தது. நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. ரத்தத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அப்புறம் கடையில் பத்து மணி நேரம் உட்கார்ந்தே வேலை. 58 கிலோ 69 ஆனது.

2023-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் அத்தைக்குச் சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வந்தார். அத்தைக்கு 112. சும்மா நானும் விரலை நீட்டினேன். 246. லேபில் வெறும் வயிற்றில் 142. எனக்கு அப்போது வயது 31. இந்தச் சர்க்கரை நோய் எப்போது தொடங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான். பாப்பாவின் தடுப்பூசி அட்டையை இன்றும் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என ஒரு ஊசியும் தவறவில்லை. ஊசி போடும் ஒரு புதன்கிழமை போகாவிட்டால் செவிலியர் போன் போட்டுக் கேட்டார். தாய்க்கு டெஸ்ட் எடுக்க வேண்டியதும் அதே ஆறாவது வாரம்தானே? அந்த அட்டையில் அம்மாவின் சர்க்கரைக்கு ஒரு வரி ஒதுக்கி, தேதி போட்டுத் தந்தால் என்ன? பால் கொடுக்கிற பெண் வெறும் வயிற்றோடு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்வது சிரமம்தான். ஆனால் ஊசி போட்டதும் எப்படியும் அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். இந்தத் தாய்மார்களைக் காலையில் முதல் ஆளாகக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தால் பத்து, பத்தரைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அதோடு விடாமல், ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதலாம். சுகாதாரத் துறை யோசிக்கட்டும்.

என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். அவளுக்கும் சர்க்கரை காட்டியிருக்கிறது. "பொறந்தா போயிரும்க்கா" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். குழந்தை பிறந்ததும் ஆறாவது வாரத்துப் புதன்கிழமையைக் காலண்டரில் வட்டம் போடப்போவது நான்தான். அன்றைக்குக் கடைக்கு லீவும் சொல்லிவிடுவேன். பாப்பாவை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.