ஏரிக்கு ஒரு முழு நாள்

அன்புள்ள மகளுக்கு,

யூலை மாதம் நீயும் மருமகனும் இங்கு சுவிட்சர்லாந்துக்கு வந்து நிற்கும் நாட்களில் பார்க்க வேண்டுமென்று எழுதி அனுப்பிய ஒன்பது இடங்களையும் அம்மாவும் நானும் ஆறுதலாக வாசித்தோம். அவற்றில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். மலையில் ஓடி ஓடிப் பார்த்தால் தண்ணீரைக் கண்ட நினைவு நிற்காது, பேருந்தைப் பிடித்த நினைவுதான் நிற்கும்.

முதல் நாளை முழுவதுமாக ஓஷினன் ஏரிக்குக் கொடுங்கள். காண்டர்ஸ்டேக் ஊரிலிருந்து கேபிள் காரிலும் போகலாம். ஆனால் முழங்கால் ஒத்துழைக்கும் வயதில் அந்த 400 மீட்டர் ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள். 1578 மீட்டர் உயரத்தில், புளூமிலிசால்ப் மலைகளின் பனியாறுகள் உருகி அருவிகளாக விழும் நீரெல்லாம் அங்கு வந்து சேர்கிறது. முன்னொரு காலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி அது. அதன் கரையை முழுவதும் சுற்றிப் பார்த்தாலும் வெளியே ஓடும் ஆறு ஒன்றையும் காண மாட்டாய். தண்ணீர் அந்தச் சரிவுக் கற்களுக்கு அடியால் ஒழுகிச் சென்று கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. இதை அறிந்த அன்று எனக்கு நிலாவரைக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீரை நம்பி வளர்ந்தவன் நான். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து போகும் என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கு மேலாகச் செல்லும் ஹொய்பேர்க் பாதையிலிருந்துதான் அந்த நீலத்தை முழுமையாகப் பார்க்கலாம். அங்கே நான் செய்த பிழையை நீ செய்யக் கூடாது. ஆறு வருடங்களுக்கு முன்னர், மதியம் கடந்து முகில் கறுத்ததைக் கண்டும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற பிடிவாதத்தில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேலேயே நடந்தேன். இடியும் ஆலங்கட்டி மழையும் ஒன்றாக வந்தன. ஒதுங்க இடமில்லாத சரிவில் அம்மா என் கையைப் பிடித்தபடி நடுங்கியது இன்றும் என்னை உறுத்துகிறது. கோடையில் இங்கு இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் கட்டும். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு, இரண்டு மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள். மஞ்சள் பலகைப் பாதை யாரும் நடக்கக்கூடியது. வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளமிட்டது மலைப்பாதை, அதற்கு நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். ஏரிக்கு மேலே ஸ்பிட்சர் ஷ்டைன் என்ற பாறை சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருப்பதால் சில பாதைகளை மூடியிருக்கிறார்கள். அந்த வேலிகளை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுவையும் விலகியே கடந்து போங்கள். மலை மீட்பு விமானத்தின் இலக்கம் 1414. இருவருடைய தொலைபேசியிலும் இப்போதே பதிந்துவையுங்கள்.

இரண்டாம் நாள் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவுப்பாக் அருவி பாதி வழியிலேயே தூவானமாகிவிடும். அதைக் கீழே நின்று பார்த்தால் போதும். அங்கேயே இருக்கும் ட்ரும்மெல்பாக் அருவி அப்படியல்ல. ஐகர், மோன்ச், யுங்ஃப்ரவ் ஆகிய மூன்று மலைகளின் பனியாற்று நீரும் ஒரே மலையின் வயிற்றுக்குள் குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்குகிறது. விநாடிக்கு 20,000 லீற்றர் வரை பாயும் அந்த நீரின் அதிர்வைப் பாறையில் கை வைத்தால் உணரலாம். வெயிலில் பனி உருகும் நாளில் வேகம் கூடும் என்பதால், இந்த ஓர் இடத்துக்கு மட்டும் பின்னேரம் போகச் சொல்வேன். குளிராடை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, மைரிங்கனுக்கு அருகே ஆரே ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்கு. 1.4 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் அகலம் ஒரு மீட்டர் அளவே. பாறையில் பொருத்திய பலகைப் பாதையில் நடப்பதால் அம்மாவும் வரலாம். வீட்டுக்குப் பக்கத்தில் பேர்ண் நகரைச் சுற்றி ஓடும் அதே ஆறுதான் அது. நீ சிறுமியாக இருந்தபோது அதன் கரையில் நின்று, இது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாய். இரவு வேலை முடித்து வந்த களைப்பில் மலையிலிருந்து என்று மட்டும் சொல்லி வைத்தேன். உன்னைக் கூட்டிச் சென்று காட்ட அந்த வருடங்களில் எனக்கு ஒரு ஞாயிறுகூட மிஞ்சவில்லை. அந்த இடுக்கில் மட்டும் நானும் உங்களோடு வர விரும்புகிறேன்.

எந்த நாள் என்று முடிவு செய்து எழுது. அம்மா விடிய எழுந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறா.

அன்புடன்,
அப்பா