ஒன்பதாம் அத்தியாயத்தின் கதவு

அன்பு மகளுக்கு,

உன் நாவலின் கைப்பிரதி வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. கூடவே ஒரு வரியாவது எழுதியிருப்பாய் என்று உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வேலை மிகுதியாக இருக்கும். நேரத்துக்குத் தூங்கு.

குழாயில் தண்ணீர் நின்றுபோகும் பகுதியை உன் அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான். பாட்டிலின் அடியில் தேங்கிய தண்ணீரை உன் கதாநாயகி மூடியில் ஊற்றி அளந்து நாவை நனைத்துக்கொள்ளும் இடத்தில் என் தொண்டையும் வறண்டது. ஆனால் இருநூறு பக்கங்களில் ஒருவருக்கொருவர் அந்த மூடியளவு தண்ணீர்கூடக் கொடுப்பதில்லையே, அது ஏன்?

அழிந்த உலகத்தில் இரக்கத்துக்கு ஏது இடம், அது எழுதுபவரின் மனச்சமாதானம் என்பாய். நீ படிக்கக் கொடுத்த புத்தகங்களே அப்படிச் சொல்லவில்லை. கார்மக் மெக்கார்த்தி 2006இல் எழுதிய 'தி ரோட்' நாவலில், தங்கள் தள்ளுவண்டியைத் திருடியவனைப் பிடிக்கும் தகப்பன், அவன் உடைகளையும் காலணிகளையும் பறித்துக்கொண்டு, அவனைப் பிறந்த மேனியாகச் சாலையில் நிறுத்திவிட்டுப் போகிறான். சிறுவன் அழுகையை நிறுத்துவதில்லை. கடைசியில் திரும்பிவந்து தேடியும் ஆளைக் காணாமல், துணிகளைச் சாலையில் குவித்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். பறித்த கைதான் அந்தக் கல்லையும் வைக்கிறது. துணிகள் அவனுக்குக் கிடைத்தனவா என்பதை நாவல் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கல் போதும். 1995இல் வந்த ஜோசே சரமாகோவின் நாவலில் ஊரே பார்வை இழக்கும்போது, பார்வை போகாத மருத்துவரின் மனைவி, கணவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல், அவரோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டு, தனக்கும் கண் தெரியவில்லை என்று பொய் சொல்கிறாள். பின்னால் அவளே கத்தரிக்கோலால் ஒருவனைக் கொல்கிறாள். அப்படியிருந்தும் அவளுடைய இரக்கத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆகவே உன் கதாநாயகியை நல்லவளாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் கதவு 11 முறை தட்டப்படுகிறது, அவள் திறப்பதில்லை. இருக்கட்டும், திறக்காமல் இருக்க ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் அடுத்த வரியிலேயே அவளைத் தூங்கவைத்துவிட்டாய். அது எப்படி முடியும்? எந்தப் பக்கம் புரண்டு படுத்தாள், காதைப் பொத்திக்கொண்டாளா, அதையாவது எழுதக் கூடாதா? இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவள் இந்த ஓரிடத்தில் ஏன் இப்படி அவசரப்பட்டாய்? சரியாகச் சாப்பிடுகிறாயா? இரவு வெகுநேரம் விழித்திருக்காதே.

11 என்ற கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை, கண்ணம்மா. உன் அப்பாவிடம்கூட.

மாடி வீட்டு அக்கா வந்து தட்டிய அந்த இரவில், வெளியே வெளிச்சம் தெரியக் கூடாதென்று டார்ச்சை அணைத்தவள் நான். எழுந்துபோகப் பார்த்த உன் அப்பாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தவளும் நான்தான். குழந்தை பயந்துவிடும் என்று காரணம் சொன்னேன். தட்டுவது நின்ற பிறகு, செருப்பில்லாத கால்கள் ஒவ்வொரு படியாக ஏறிப்போகும் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் படிக்கட்டில் பார்த்தபோது அவர் என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார். நான் கதவுப் பூட்டைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்வரை நான் அவர் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை.

உன் கதாநாயகி தூங்கியது நம்பும்படியாக இல்லை என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வருகிறது, அன்று நானும் தூங்கிவிட்டேன். நீ தூங்கியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசிக்கு அருகிலேயே இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா