வாழைநார் முடிச்சுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பங்குனியில் தொடங்கி ஆனி வரை எங்கள் வீடு எந்த நிலையில் இருந்தது என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக அதை முதலிலிருந்து சொல்லப் புகுந்தால் இந்த மடல் மறுபடியும் என் கதையாகிவிடும். சென்ற வியாழக்கிழமை கடைசித் தாளிலும் கையெழுத்தாகி எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தது. அன்றிரவு விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்தேன்.

வாய்தாவுக்கு வாய்தா உடன் வந்து, கட்டணத்தில் பாதியைக்கூட வாங்க மறுத்த வழக்கறிஞருக்கும், பாக்கியைக் கேட்டு ஒரு நாளும் வாசலில் வந்து நிற்காத மொத்த வியாபாரிகளுக்கும், கடையைக் காலி செய்த அன்று கூப்பிடாமலே வந்து மூட்டைகளை ஏற்றிக்கொடுத்த சுமைதூக்கும் தோழர்களுக்கும், என் மனைவியிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்குவாளியில் குழம்பையும் ரசத்தையும் திண்ணையில் வைத்துவிட்டுப் போன தெருப் பெண்களுக்கும், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்ட மைத்துனருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்வேன். ஆனால் இந்த மடலில் பெரும்பகுதி திருவையாற்றுக் காவிரிக்கரையில், புஷ்ய மண்டபப் படித்துறையில் பூ விற்கும் ஓர் அம்மாவுக்கு உரியது. தம் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

சித்திரையில், சோறும் தூக்கமும் விட்டுப்போயிருந்த நாட்களில், நண்பர் ஒருவர் என்னைத் தஞ்சாவூரில் ஒரு மனவளக்கலை மன்றத்துக்கு அழைத்துச் சென்றார். வேதாத்திரி மகரிஷி வகுத்துத் தந்த அந்தப் பயிற்சியில் உடற்பயிற்சி, தவம், அகத்தாய்வு ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்தவை. நான் தவத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டால் கடையும் கடனும் கண்ணில் படாது என்பதே என் அப்போதைய ஆன்மிகம். புருவ மத்தியில் நினைவை நிறுத்தும் ஆக்கினைத் தவத்தில் நேரங்காலம் இல்லாமல் உட்கார்ந்து, தலை கனத்துப்போய் நின்றேன். மன்றத்து ஆசிரியை நினைவை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தைச் செய்யச் சொன்னார். கூடவே, "கண்ணை மூடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுப் போடுங்கய்யா. எழுதாம உக்காந்தா, உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும்" என்றார்.

எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று அறிதல் என அகத்தாய்வு படிப்படியாகச் செல்கிறது. சினம் தவிர்த்தலில், யார் யார் மேல் கோபம் இருக்கிறதோ அவர்கள் பெயரையெல்லாம் எழுதி, ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, அந்தக் கோபத்தின் காரணத்தை ஆராய்ந்து, அவரை மனமார வாழ்த்தி, கோபம் தணிந்த பிறகே அந்தப் பெயரை அடிக்க வேண்டும். நான் ஒரு 80 பக்க நோட்டில் 14 பெயர்களை எழுதினேன். எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள், அல்லது உறவினர்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் எனக்குச் செய்ததையும், நான் அவருக்குச் செய்ய நினைத்ததையும் ஒளிக்காமல் எழுதியிருந்தேன். அவற்றில் சில, வெளியே தெரிந்தால் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்க முடியாத செய்திகள்.

அந்த நோட்டைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொலைத்தேன்.

காவிரி அப்போது வெறும் மணலாகக் கிடந்தது. படித்துறையின் கீழ்ப்படியில் உட்கார்ந்து எழுதிவிட்டு, கைபேசியில் அழைப்பு வரவும் பதற்றத்தில் எழுந்து போய்விட்டேன். இரவு பத்து மணிக்கு நினைவு வந்து ஓடியபோது படியில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை முழுவதும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பேசினாலே என் நோட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. இழந்த பணத்துக்குக்கூட அப்படி நடுங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வேறு வழியில்லாமல், மறுபடியும் படித்துறைக்குப் போனேன். அந்த அம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டுவதை நிறுத்தி, பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினார். உள்ளே என் நோட்டு இருந்தது. ஈரம் படாமல் இருக்க ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றி, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். பூக்கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு அது. அவிழ்த்தால் அதேபோல் திரும்பப் போட என்னைப் போன்றவர்களுக்கு வராது. தாளில் மருக்கொழுந்து வாசம் ஏறியிருந்தது.

"திறந்தே கெடந்துச்சு தம்பி. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அதனாலதான் கட்டி வச்சேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னது இவ்வளவுதான். பிறகு மறுபடியும் கதம்பத்தை எடுத்துக்கொண்டார்.

படிக்கத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அதோடு அது முடிந்திருக்கும். படிக்க வரும் என்பதாலேயே கட்டி வைத்தேன் என்ற சொல் என்னை விடவில்லை. இரண்டு நாள் தம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கப்போகும் ஒன்றைப் பார்க்கத் தம் மனம் எந்த நேரத்தில் சபலப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம்மை நல்லவர் என்று நம்பி அதை அப்படியே விடவில்லை. சபலம் வருவதற்கு முன்பே முடிச்சைப் போட்டுவிட்டார். நான் நோட்டுப் போட்டு, பட்டியலிட்டு, தேதி குறித்துச் செய்துகொண்டிருந்த அகத்தாய்வை அவர் பூக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நொடியில் செய்து முடித்திருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்து, 14 பெயர்களையும் முதலிலிருந்து படித்தேன். இந்த முறை அடுத்தவர் கையில் கிடைத்த நோட்டைப் படிப்பதுபோல் படித்தேன். ஆசை தடைபடும் இடத்தில்தான் சினம் பிறக்கிறது என்று மன்றத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன், தலையையும் ஆட்டியிருக்கிறேன். இப்போது என் கையெழுத்திலேயே அதைப் பார்த்தேன். 14 பேரில் 9 பேர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: நான் வாய்விட்டுக் கேட்காத உதவியை அவர்கள் தாமாகவே அறிந்து வந்து செய்யவில்லை. என் கௌரவம் கேட்க விடவில்லை, அவர்கள் செய்யவில்லை, நான் அவர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அந்த ஒன்பது பேரில் என் கூடப்பிறந்த அண்ணனும் ஒருவர். மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி சுண்டைக்காய் வற்றல்குழம்பு வைத்துப் பரிமாறினார்கள். வேறொன்றும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் இதை எழுதும்போது அப்பர் பெருமானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கயிலையைக் காண வடக்கே நடந்து நடந்து, உடல் தேய்ந்து, ஊர்ந்தும் போனவரைத் திருவையாற்றுக்குத் திரும்பிப் போகச் சொல்லி, வடக்கே அவர் இருந்த இடத்திலேயே ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, இங்குள்ள குளத்தில் எழவைத்துக் கயிலைக் காட்சியைக் கொடுத்தார் இறைவன் என்பது வரலாறு. ஆடி அமாவாசைக்கு ஆண்டுதோறும் அந்த விழாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். நிம்மதிக்காக, வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயில் இருக்கும் ஆழியாறு வரை போய்விட்டு வந்தேன். அங்கே கற்றதெல்லாம் உண்மை. ஆனாலும் அது என் புத்திக்குள் இறங்கியது, நான் பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படித்துறையில்தான்.

எளிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் என்னை அதற்காகப் பாராட்டுகிறார்கள். காரை விற்றதும், இரண்டு அறை வீட்டுக்கு மாறியதும், காலையில் பழையசோறும் மோர்மிளகாயும் சாப்பிடுவதும் நான் தேர்ந்துகொண்டவை அல்ல. வேறு வழி இல்லாததால் வந்தவை. இல்லாமையை எளிமை என்று சொல்லிக்கொள்வது பொய். கணக்கு எழுதும் வேலையில் முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றுதான் எனக்குச் சோதனை தொடங்கியது. தவணையில் ஒரு வண்டி எடுத்துவிடலாம் என்று அன்று மாலையே மனம் கணக்குப் போட்டது. நோட்டில் ஆசைப் பட்டியலை எடுத்து, அது தேவையா, என்னால் முடியுமா, பின்விளைவு என்ன என்று எழுதிப் பார்த்துவிட்டு, பேருந்திலேயே போகிறேன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை மட்டும்தான் என்னுடைய எளிமை என்று சொல்லிக்கொள்ள முடியும். தினமும் காலையில் தஞ்சாவூர் போகும் வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்களையும் சன்னலோரம் உட்கார்ந்து கடக்கிறேன். காரில் போன பன்னிரண்டு ஆண்டுகளில் எந்த ஆற்றில் தண்ணீர் வந்தது, எதில் வரவில்லை என்று ஒரு நாளும் கவனித்ததில்லை.

உங்கள் முன் இரண்டு உறுதிகளைச் சொல்லிவைக்கிறேன். இரவில் படுக்கும் முன், அன்றைய நாளை அன்றே எழுதிவிடுவேன்; என் பக்கத்துத் தவற்றை முதலிலும் அடுத்தவருடையதைப் பிறகும் எழுதுவேன். இந்த மூன்று மாதங்களில் என் காதுக்கு வந்துசேர்ந்த பிறர் வீட்டுச் செய்திகள் எதுவும் என் வாய்வழியாக வெளியே போகாது. பட்டியலில் இன்னும் 4 பெயர்கள் அடிபடாமல் இருக்கின்றன. தினமும் வாழ்த்துகிறேன், ஒருவரை வாழ்த்தும்போது இன்னமும் தொண்டை அடைக்கிறது. அடைக்கவில்லை என்று இங்கே எழுதினால் அந்த நோட்டுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

அம்மா, அன்று உங்களுக்குக் கொடுக்க என் சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்தான் இருந்தது. அதை நீட்டியபோது, "ரெண்டு மொழம் வாங்கிக்கிட்டுப் போங்க, வீட்ல வச்சுக்குவாங்க" என்று பூவை அளந்து கொடுத்து, மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தீர்கள். பல நாட்களுக்குப் பிறகு என் மனைவி தலையில் பூ வைத்துக்கொண்டது அன்றுதான். அந்த வாழைநார் காய்ந்து, நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

கல்லணையிலிருந்து விட்ட தண்ணீர் எங்கள் படித்துறைக்கு வந்துவிட்டது. நான் அன்று உட்கார்ந்திருந்த கீழ்ப்படி இப்போது தெரியவில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வருகிறோம். அண்ணன் வீட்டாரும் வருகிறார்கள். கதம்பத்தில் எங்களுக்கென்று எட்டு முழம் எடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் படித்துறைத் தம்பி,
திருவையாறு